கேட்டுக்கொண்டிருப்பவர்

தேரிக்காட்டு ஊர்களில் திட்டுவதற்குச் சொல் பஞ்சம் இருந்ததே இல்லை. திருச்செந்தூருக்கு மேற்கே, குதிரைமொழித் தேரியை ஒட்டி, செம்மணலும் பனையும் உடைமரமுமாய்க் கிடக்கும் ஊர் எங்களுடையது. கிணற்றடியில் ஒரு குடம் முந்திவிட்டால் போதும், "கரிமுடிவா" என்று ஆரம்பிக்கும். ஆடு வேலி தாண்டிவிட்டால் "கொள்ளையில போவா" என்று வளரும். கொள்ளை என்றால் காலரா. ஒரு காலத்தில் ஊர் ஊராய் ஆட்களை அள்ளிக்கொண்டு போன நோய். அந்த நோயையே பெயர் சொல்லிக் கூப்பிட்டு அடுத்தவர் வீட்டுக்கு அனுப்புகிற சொல் அது. சொன்னவளும் சாயந்திரம் அதே வீட்டில்தான் உறைமோர் வாங்கப் போவாள் என்பது வேறு விஷயம். ஆனால் சொல் சொல்லப்பட்டுவிட்டது.

ஆச்சி வீட்டில் இந்தச் சொற்கள் புழங்கவில்லை. சாந்த சொரூபிகள் வாழ்ந்த வீடு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆச்சிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பதநீர் பொங்கி வழிகிற நேரத்தில் அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன பிள்ளை தெருவில் விளையாடிக்கொண்டிருந்தால், அவள் குரல் மூன்று வீடு தாண்டிக் கேட்கும். அந்தக் குரல் சொல்வது இதுதான்: "ஏட்டி, நீ நல்லா இருப்ப! ஆசீர்வாதமா இருப்பட்டி நீ!" பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நெருப்போடு, அடிக்கக் கை ஓங்கியபடியே. சிறுமியாய் இருந்தபோது அதில் எனக்கு ஒரு விசேஷமும் தெரியவில்லை. பிற்பாடு யோசித்தபோதுதான் அந்தக் கட்டுப்பாட்டின் கடினம் புரிந்தது. கோபத்தை அவள் அடக்கவில்லை. கோபம் எந்த வாசல் வழியாக வெளியே போகலாம் என்பதை மட்டும் தீர்மானித்து வைத்திருந்தாள்.

காரணம் கேட்டபோது யாக்கோபு நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தைச் சொன்னாள். கடவுளைத் துதிக்கிற அதே நாக்கு, அவருடைய சாயலில் உண்டான மனுஷனைச் சபிக்கிறதே, அது எப்படிப் பொருந்தும் என்று யாக்கோபு கேட்கிற இடம். மிஷன் போர்டிங் பள்ளியில் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள் ஆச்சி. வேதாகமத்தை எழுத்துக்கூட்டாமல் வாசிப்பாள். அவளைப் பொறுத்தவரை வாசிப்பது என்பது வாசித்ததன்படி வாயைத் திருத்துவதுதான்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில், நடுக்கூடத்துச் சுவரில், ஒரு வாசகப் பலகை தொங்கும். கிறிஸ்துவே இந்த வீட்டுக்குத் தலைவர் என்று தொடங்கும் அது. எதிர்வீட்டிலும் இருக்கும், சென்னையில் குடியேறிய சித்தப்பா வீட்டு ஃபிளாட்டிலும் இருக்கும். வீட்டில் நடக்கும் பேச்சையெல்லாம் அவர் சத்தமில்லாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற பொருளில் அது முடியும். பல வீடுகளில் அது கலியாணப் பரிசாய் வந்து, ஆணியில் ஏறி, தூசி படிந்து கிடக்கும். ஆச்சி அதை நம்பினாள். அந்தப் பக்கமாய்க் கண்ணைக் காட்டி, "ஆள் இருக்கு, பாத்துப் பேசு" என்பாள். வாசலில் விருந்தாளி வந்து நிற்பதைச் சொல்வாளே, அதே தொனியில்.

அவளுடைய பேச்சின் முறைகள் எல்லாம் இந்த ஒரே நம்பிக்கையிலிருந்து கிளைத்தவை என்று நான் நினைக்கிறேன். யாரோ ஒருவர் எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றால் சத்தியம் செய்யத் தேவையில்லை. ஆளில்லாத இடத்தில் ஆளைப் பற்றிப் பேசவும் முடியாது, ஏனென்றால் ஆளில்லாத இடம் என்று ஒன்று கிடையாது.

சத்தியத்தை முதலில் சொல்கிறேன். தாத்தா பனையேறினார், ஆச்சி கருப்பட்டி காய்ச்சினாள். கலயத்துச் சுண்ணாம்பு தெளிந்த பதநீரை இறுத்து, தாச்சியில் ஊற்றி, விறகும் சருகும் காய்ந்த ஓலையும் போட்டு எரித்து, பாகு பதம் வந்ததும் சிரட்டையில் வார்ப்பது. பதம் ஒரு நிமிஷம் தவறினால் அடிப்பிடித்துவிடும், அல்லது இறுகாமல் இளகிக்கொண்டே இருக்கும். உடன்குடியிலிருந்து வியாபாரி வருவார். கருப்பட்டியில் சீனி கலப்பது அப்போதே உண்டு. அதனால் அவர் கேட்பார்.

"சீனி சேத்ததா?"

"சேக்கல."

"சத்தியமா?"

"சேக்கலன்னு சொன்னேன்லா."

அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. மலைப்பிரசங்கத்தில் இயேசு ஆணையிடுவதைப் பற்றிச் சொன்னது அவளுக்கு வியாபாரச் சட்டமாகவே இருந்தது. உள்ளதை உள்ளது என்று சொல்ல வேண்டும், இல்லாததை இல்லை என்று சொல்ல வேண்டும், அதற்கு மேல் மனுஷனுக்கு உரிமை இல்லை. பிள்ளை மேல் சத்தியம், கண்ணாணை, கர்த்தர் மேல் ஆணை எதுவும் அந்த வாயில் வந்ததில்லை. அதே வாய்தான் ஒருநாள், அவர் கேட்காமலே, "இந்தப் பெட்டியில அடிப்பிடிச்ச காய்ச்சல் இருக்கு, தனியா வையும்" என்று சொன்னது. விலை குறைந்தது. தாத்தாவுக்கு அன்று முகம் சுருங்கியது எனக்கு நினைவிருக்கிறது. பிற்பாடு அந்த வியாபாரி மற்ற வீட்டுக் கருப்பட்டியை உடைத்து வாயில் போட்டுப் பார்ப்பார். எங்கள் வீட்டில் பார்க்கமாட்டார். நேர்மைக்குக் கிடைத்த பலன் என்று இதைக் காட்ட எனக்கு விருப்பமில்லை. நம்பினார், அவ்வளவுதான். விலை எல்லோருக்கும் ஒன்றுதான் கொடுத்தார்.

தாத்தா கோர்ட்டுக்குப் போன கதை எங்கள் குடும்பத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது. பக்கத்து நிலத்துக்காரருக்கு வரப்புத் தகராறு. முன்சீப் கோர்ட்டில் தாத்தா சாட்சி. சத்தியப் பிரமாணம் எடுக்க வேண்டுமே என்று அவருக்கு ராத்தூக்கம் போய்விட்டது. சேகரத்து ஐயரிடம் போய்க் கேட்டார். எங்கள் ஊர்களில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஐயர் படித்த மனிதர். இங்கிலாந்துத் திருச்சபையின் முப்பத்தொன்பது கட்டளைகளில் கடைசிக் கட்டளையே இதைப் பற்றியதுதான், நியாயாதிபதி கேட்கும்போது உண்மைக்காகச் சத்தியம் செய்வதைச் சபை தடுக்கவில்லை என்று விளக்கினார். தென்னிந்தியத் திருச்சபை 1947-ல் உருவாவதற்கு முன்பு எங்கள் பக்கத்து மூப்பர்கள் வளர்ந்த சபை அது, ஆகவே ஐயர் சொன்னது தாத்தாவுக்குப் புரிந்தது. தலையாட்டிவிட்டு வந்தார். கோர்ட்டில் ஏறினதும் பிரமாணம் வேண்டாம், உறுதிமொழி சொல்கிறேன் என்றார். 1969-ஆம் வருஷத்துப் பிரமாணச் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு; இரண்டில் எதைச் சொன்னாலும் பொய் சொன்னால் தண்டனை ஒன்றுதான்.

எதிர்த்தரப்பு வக்கீல் விடவில்லை. பைபிளை வைத்துச் சத்தியம் பண்ணத் தயங்குகிறவர் சொல்லப்போவது பொய்தானே என்று கேட்டார். தாத்தா சொன்னாராம்: "சத்தியம் பண்ணுனாத்தான் உண்மை சொல்லுவேன்னு ஆச்சுன்னா, நான் வீட்ல பேசுனதெல்லாம் பொய்யாயிரும்லா, ஐயா."

ஐயர் சொன்னதும் சரி, தாத்தா செய்ததும் சரி என்றே இன்றும் எனக்குப் படுகிறது. சபை அனுமதித்ததைத் தாத்தா குறை சொல்லவில்லை. தனக்கு அது தேவைப்படவில்லை என்று மட்டும் காட்டினார்.

நாளையைப் பற்றிய பேச்சு இன்னொன்று. "நாளைக்கு வாரேன்" என்று ஆச்சி சொன்னதே கிடையாது. "கர்த்தருக்குச் சித்தமானா நாளைக்கு வாரேன்." நாசரேத்துச் சந்தைக்குப் போவதானாலும், பேத்தியின் பரீட்சையானாலும் அப்படித்தான். இதுவும் யாக்கோபுதான், அடுத்த அதிகாரம். இன்னின்ன பட்டணத்துக்குப் போய் ஒரு வருஷம் தங்கி வியாபாரம் செய்து லாபம் பார்ப்போம் என்று கணக்குப் போடுகிறவர்களிடம், நாளைக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா என்று அவர் கேட்கிறார். பட்டணத்தில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு பக்திப் பழக்கமாய்த் தோன்றலாம். பனையேறி வீட்டில் அது அப்பட்டமான நிலவரம். சீசனில் ஒரு ஆள் நாளொன்றுக்கு முப்பது, நாற்பது பனை ஏறுவான், காலையில் ஒருமுறை, சாயந்திரம் பாளை சீவ மறுமுறை. ஒவ்வொரு பனையும் நாலைந்து ஆள் உயரத்துக்கு மேலே. விழுந்து இடுப்பு ஒடிந்து திண்ணையோடு கிடந்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. விழுந்த இடத்திலேயே போனவர்களும் உண்டு. விடியலில் ஏறப் போகிற புருஷனிடம் "போயிட்டு வாங்க" என்று சொல்கிற பெண்ணுக்கு, வருவது தன் கையிலும் இல்லை, அவர் கையிலும் இல்லை என்பது நன்றாகத் தெரியும். அந்தத் தெரிதலோடு பேசுவதுதான் அந்தச் சொற்கள்.

ஆகவேதான் அதை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினால் ஆச்சிக்குப் பொறுக்காது. கைமாற்று வாங்கிய ஒரு சபையார், கேட்கும்போதெல்லாம் "கர்த்தருக்குச் சித்தமானா அடுத்த மாசம் தாரேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது மாதம் ஆச்சி நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள்: "கடனக் குடுக்கணும்னு கர்த்தர் எழுதியே வச்சிருக்கார், அவருக்குச் சித்தந்தான். ஒமக்கு எந்தத் தேதி சித்தம், அதச் சொல்லும்." தன் மனதில் இல்லாததைக் கடவுளின் மனதில் இல்லாததாய்ச் சொல்வதை அவள் ஆணையிடுவதைவிட மோசமாக நினைத்தாள். இரண்டிலும் அவர் பெயர் வீணாகிறது. ஒன்றில் பொய்க்கு, மற்றதில் சோம்பலுக்கு. "ஜெபிச்சுக்கிடுதேன்" என்பதும் அப்படித்தான். அவள் அதைச் சுலபமாகச் சொல்லமாட்டாள். சொல்லிவிட்டால், காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் பெயரை எழுதி வேதாகமத்துக்குள் வைப்பாள். ராத்திரி ஜெபத்தில் அந்தப் பெயர் வரும். சில பெயர்கள் வருஷக்கணக்கில் வந்தன. அந்த ஆட்களை நான் பார்த்ததுகூட இல்லை, ஆனால் அவர்களுடைய மூட்டுவலியும் மகளின் மாப்பிள்ளைக் காரியமும் எனக்குத் தெரியும்.

அடுத்த வீட்டாரோடு எப்படிப் பேசுவது என்பதில் எங்கள் சபைக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது, அதில் பெருமைப்பட முடியாத பகுதியும் உண்டு. 1799-ல் முதலூர் உண்டானது முதல் நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம் என்று எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவ ஊர்கள் எழும்பின. அடிபட்டும் விரட்டப்பட்டும் வந்தவர்கள் கூடி வாழக் கட்டிய ஊர்கள் அவை. அந்தக் காலத்துப் பிரசங்கத் தமிழில், கிறிஸ்தவரல்லாத எல்லோருக்கும் ஒரே பெயர்: அஞ்ஞானிகள். என் சிறுவயதில்கூட வயதான சபையார் சிலர் அதைச் சாதாரணமாகச் சொல்வார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு, நமக்குப் பிரசவம் பார்த்து, நம் வீட்டுத் தீயை அணைத்த ஒருத்தியை அந்தப் பெயரால் சுட்டுவது எப்படி முடிந்தது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

ஆச்சி பக்கத்து வீட்டுக்காரியை மைனி என்பாள். ஊரில் அம்மன் கொடை வந்தால் வில்லுப்பாட்டுச் சத்தம் விடிய விடியக் கேட்கும். மைனி ஒருமுறை கொடைக்குக் கூப்பிட்டாள். ஆச்சி சுற்றி வளைக்கவில்லை, தலைவலி என்று சாக்குச் சொல்லவில்லை. "அங்க நான் வரமாட்டேன், மைனி. எனக்கு ஒரே சாமிதான்னு ஒனக்குத் தெரியும். ஒன் வீட்டு விருந்தாளிகளுக்கு எங்க தொட்டித் தண்ணிய எடுத்துக்கோ, ரெண்டு பேரு படுக்க எங்க திண்ணையும் இருக்கு" என்றாள். மைனிக்கு வருத்தம் இல்லை. கொடை அன்றைக்கு மத்தியானம் ஒரு தூக்குவாளியில் பொங்கல் கொண்டு வந்து, "படைக்கிறதுக்கு முந்தியே ஒனக்குன்னு எடுத்து வச்சிட்டேன், பயப்படாமத் தின்னு" என்றாள். ஆச்சியின் மனச்சாட்சி எங்கே நிற்கிறது என்று மைனிக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. தெரிந்ததற்குக் காரணம், ஆச்சி அதை மறைக்காமலும் குத்தாமலும் சொல்லியிருந்தாள். படைத்ததை உண்பதா என்று பவுல் கொரிந்தியருக்கு அதிகாரம் அதிகாரமாய் எழுதியதை, மைனி ஒரு தூக்குவாளியில் தீர்த்துவைத்தாள்.

மென்மையாகப் பேசுவதுதான் கிறிஸ்தவப் பேச்சு என்று நினைப்பவர்களுக்கு நான் எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைச் சொல்வேன். 1874-ல் வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா, பின்னாளில் 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். 1910-ல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. மேடைக்கு எதிரே இருந்தவர்களில் பெரும்பான்மையினர் வெள்ளைக்கார மிஷனரிகள். நீங்கள் எங்களுக்காக எவ்வளவோ தியாகம் செய்தீர்கள், அதற்கு நன்றி. எங்களைச் சமமாக வைத்துப் பழகும் நட்பை மட்டும் தரவில்லை, அதையும் தாருங்கள் என்று அவர்கள் முகத்துக்கு நேரே கேட்டார். சபையில் சலசலப்பு, சிலருக்குக் கோபம். தன் ஊருக்குத் திரும்பி வந்து அவர்களைப் பற்றிப் பேசியிருக்கலாம். அவர்களிடமே பேசினார். பேச்சில் உப்பு வேண்டும் என்று பவுல் கொலோசெயருக்குச் சொன்னது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. உப்பு ருசியும் தரும், புண்ணில் பட்டால் எரியவும் செய்யும்.

துக்க வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைத்தான் நான் அதிகம் நினைத்துப் பார்க்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பையன் தோட்டத்துக் கிணற்றில் விழுந்து இறந்துபோனான். எட்டோ ஒன்பதோ வயது. வீட்டில் கூட்டம். தாய் சுவரில் சாய்ந்து கண் விழித்தபடி உட்கார்ந்திருந்தாள், அழுகை வரவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவராய்க் குனிந்து சொன்னார்கள். ஒருவர் யோபு தன் பிள்ளைகளை இழந்த நாளில் சொன்ன வார்த்தைகளைச் சொன்னார். ஒருத்தி, கர்த்தர் தம் தோட்டத்துக்கு நல்ல பூவாகப் பார்த்துத்தான் பறிப்பார் என்றாள். இதிலும் ஒரு நோக்கம் இருக்கும் என்றார் இன்னொருவர். எல்லோரும் வேதத்திலிருந்தும் விசுவாசத்திலிருந்தும்தான் பேசினார்கள். நல்ல எண்ணத்தோடுதான் பேசினார்கள். தாயின் முகம் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இன்னும் கொஞ்சம் இறுகிக்கொண்டே போனது.

ஆச்சி போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, அவன் பெயரைச் சொல்லி, சாதாரணக் குரலில் பேசினாள். அந்த வீட்டில் காலையிலிருந்து அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை. பிள்ளை, பையன், குழந்தை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "போன வாரம் எம் பனங்கிழங்கத் திருடிட்டு ஓடுனாம்லா, தெரியுமாட்டி? ஓடயில ஒண்ணு கீழ விழுந்திட்டு. நின்னான். நான் பாத்துக்கிட்டு நிக்கேன்னு தெரியும். தெரிஞ்சும் திரும்பி வந்து எடுத்துக்கிட்டு, என்னப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சிட்டுல்லா போனான்."

தாய் ஆச்சியின் முகத்தைப் பார்த்தாள். "அந்தக் கிழங்க எனக்குத்தான் கொண்டாந்து தந்தான்" என்றாள். பிறகு வந்த அழுகை தெருமுனை வரைக்கும் கேட்டது. ஆச்சி அவளைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு முழுவதும் அவன் கதைகளாகவே இருந்தன. ஒவ்வொருவருக்கும் அவனிடம் ஏதோ ஒன்று பறிகொடுத்த கதை இருந்தது.

ராத்திரி வீட்டில் நான் கேட்டேன், நீ ஏன் வசனம் ஒன்றும் சொல்லவில்லை என்று. யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்களே, அதுவரை அவர்கள் சரியாகத்தான் இருந்தார்கள் என்றாள். பெரிய பெரிய பதிலெல்லாம் சொன்ன பிறகுதான் கர்த்தருக்கே அவர்கள் மேல் கோபம் வந்தது, புஸ்தகத்தின் கடைசி அதிகாரத்தில் பார் என்றாள். யோபு கடவுளிடம் அழுதான், கத்தினான், சண்டை போட்டான். அவர்கள் கடவுளைப் பற்றி அழகாகப் பேசினார்கள். கடவுள் யோபுவின் பக்கம் நின்றார். நான் பின்னாளில் யோபுவைப் பற்றிக் கற்றுத்தேர்ந்தவர்கள் எழுதியதைக் கொஞ்சம் படித்திருக்கிறேன். இதற்கு மேல் எனக்கு எதுவும் தெரிந்ததாக நினைவில்லை.

ஆளில்லாத இடத்தில் ஆளைப் பேசக்கூடாது என்பதை ஆச்சிக்கு உறுதிப்படுத்தியது டோனாவூர். களக்காட்டுப் பக்கம் மலையடிவாரத்து ஊர் அது. ஏமி கார்மைக்கேல் 1901-லிருந்து அங்கே இருந்து, கோயில்களுக்கு விடப்பட இருந்த பெண்பிள்ளைகளை எடுத்து வளர்த்தார். 1931-ல் விழுந்து அடிபட்ட பிறகு 1951-ல் மரிக்கும்வரை பெரும்பாலும் அறையோடு இருந்தவர், கடைசிவரை அந்தக் குடும்பத்துக்கு அம்மா. எங்கள் அத்தை ஒருவர் அங்கே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். ஒருவரைப் பற்றிக் குறை இருந்தால் அவரிடமே போய்ச் சொல்ல வேண்டும், அவரைப் பற்றி மற்றவரிடம் சொல்லக்கூடாது என்பது அந்த வீட்டின் பழக்கம் என்று அத்தை லீவுக்கு வரும்போது சொல்வார். அந்த அம்மா தன் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து அதில் ஒரே ஒரு சொல்லை எழுதினார்கள் என்பதையும் அத்தை சொல்லித்தான் கேட்டேன். அந்தச் சொல்லுக்கு அம்மா என்றுதான் பொருள்.

ஆச்சி இதைத் தன் வழியில் செய்தாள். திண்ணையில் யாராவது ஒருத்தியைப் பற்றி ஆரம்பித்தால், "இரு, அவளக் கூப்பிடுதேன், அவளும் கேக்கட்டும்" என்று எழுந்தே விடுவாள். மிரட்டலுக்கு இல்லை, உண்மையிலேயே கூப்பிடப் போவாள். பேச்சு நின்றுவிடும். சபைக்காரர்களுக்கு மட்டும் ஒரு சந்து உண்டு: "புறணி பேசல ஆச்சி, ஜெபத்துக்காகச் சொல்லுதேன்." ஜெபக் குறிப்பு என்ற பெயரில் எத்தனை வீட்டு ரகசியம் ஊர் சுற்றியிருக்கிறது என்று எங்கள் சபைகளில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். ஆச்சி அந்தச் சந்தையும் அடைத்தாள். "பேரச் சொல்லாமச் சொல்லு. யாருன்னு கர்த்தருக்குத் தெரியும்."

இப்போது எங்கள் ஊர்களில் பக்திப் பேச்சுக்குக் குறைவில்லை. ஒலிபெருக்கி கூடியிருக்கிறது, காலையில் போனைத் திறந்தால் வசனப் படம் வரிசையாக வந்து விழுகிறது, கூட்டங்களில் சாட்சி சொல்பவர்களின் நோயும் கடனும் வருஷத்துக்கு வருஷம் பெரிதாகி அதிசயமும் பெரிதாகிறது. இதில் உண்மையாய் நன்றி சொல்பவர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களை எனக்குத் தெரியும். எனக்கு வேதனை தருவது வேறு. சில வருஷத்துக்கு ஒருமுறை சபைத் தேர்தல் வரும்போது எழுகிற பேச்சு. தோத்திரம் சொல்லிக் கைகூப்பிய அதே ஆட்கள், ராத்திரியில் கையெழுத்தில்லாத நோட்டீஸை வீட்டு வாசல்களில் செருகிவிட்டுப் போவார்கள். மேலே ஒரு சங்கீத வசனம் இருக்கும். அதன் கீழே எழுதியிருப்பதை இங்கே எழுத எனக்குக் கை வராது.

ஆச்சி போய்ப் பல வருஷம் கழித்து, எனக்குத் தெரிந்த ஒரு சபையில் அப்படி ஒரு நோட்டீஸ் வந்தது. பொருளாளர் மேல் வரிசையாய்க் குற்றச்சாட்டு, அவர் குடும்பத்துப் பெண்கள் மேலும். ஞாயிறு ஆராதனை முடிந்து ஆசீர்வாதம் சொன்னதும், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், ஒரு காலத்தில் ஆச்சியின் ஓய்வுநாள் பள்ளியில் படித்தவர், அந்தத் தாளோடு எழுந்து நின்றார்.

"இத எழுதுனவிய இந்தக் கோயிலுக்குள்ளதான் இருக்கியன்னு நெனைக்கேன். யாருன்னு எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். பொருளாளரும் இங்கதான் உக்காந்திருக்காவ. வந்து அவிய முகத்தப் பாத்து, சத்தமா, ஒருதடவ வாசிங்க. எழுத முடிஞ்சத வாசிக்க முடியும்லா."

யாரும் எழவில்லை. பொருளாளர்தான் எழுந்தார். கணக்குப் புத்தகம் உள்ளறையில் இருக்கிறது, இப்போதே பார்க்கலாம், யார் வேண்டுமானாலும் வரலாம் என்றார். ஒரு பத்துப் பேர் போனார்கள். நோட்டீஸில் இருந்தவற்றில் பெரும்பாலானது கட்டுக்கதை. ஒன்று மட்டும் பொய்யில்லை: அசனப் பண்டிகைச் செலவில் அரிசிக்கு இரண்டு இடத்தில் பற்று எழுதியிருந்தது. பொருளாளர் புத்தகத்தை இருமுறை புரட்டிப் பார்த்தார், தவறுதான் என்றார், எல்லோர் முன்னிலும் சிவப்பு மையில் திருத்திக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பணத்தைத் திங்கட்கிழமையே சபைக் கணக்கில் கட்டினார்.

சகோதரன் குற்றம் செய்தால் தனியாகப் போய் அவனிடம் சொல் என்று மத்தேயு பதினெட்டில் இருக்கிறது. அந்த வாரத்துக்குள் ஒருவர் பொருளாளர் வீட்டுக்குப் போய், நோட்டீஸை எழுதியது நான்தான் என்று சொன்னார். வீட்டுப் பெண்களிடமும் சொன்னார். அங்கே என்ன பேச்சு நடந்தது என்று கேட்டவர்களுக்கு இரு தரப்பும் ஒரே பதில்தான் சொன்னது: "அத எங்களுக்குள்ள பேசியாச்சு." தேர்தலில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். வீடு வீடாய்ப் போய் இருவரும் ஓட்டுக் கேட்டார்கள், ஒரு வீட்டில் இருவரும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்து, சேர்ந்தே காபி குடித்தார்கள். பொருளாளர் சொற்ப ஓட்டில் தோற்றார். ஜெயித்தவர் முதல் கமிட்டிக் கூட்டத்திலேயே, மாதக் கணக்கை ஆராதனை முடிந்ததும் சபை முன் வாசிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார், அதை வழிமொழிந்தவர் பழைய பொருளாளர்.